தானுந்து மின்சாளர ஏற்றி

தானுந்து மின்சாளர ஏற்றி என்பது தானுந்தின் கதவிலுள்ள கண்ணாடியை ஒரு சிறு மின்னோடியின் உதவியால் ஏற்றவும் இறக்கவும் பயன்படும் பொறியமைப்பு ஆகும். கதவின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையேயுள்ள குறுகிய வெற்றிடத்தில் இது பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநரோ பயணியோ ஒரு நிலைமாற்றியை அழுத்தும்போது மின்னோடி சுழல்கிறது. அச்சுழற்சியை இவ்வமைப்பு கண்ணாடியின் மேல்கீழ் இயக்கமாக மாற்றுகிறது. தானுந்தில் அடிக்கடி பழுதாகும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. பழுதடைந்த ஏற்றியைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது பட்டறைகளில் வழக்கமான பணியாகும். இக்கட்டுரை அதன் அமைப்பையும், பழுதாகும் விதத்தையும், மாற்றும் முறையையும், அதனோடு தொடர்புடைய பாதுகாப்புச் செய்திகளையும் விளக்குகிறது.

பெயர் வழக்கு

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் முழு வசதியும் 'பவர் விண்டோ' என்றும், கதவுக்குள் இருக்கும் ஏற்றி 'ரெகுலேட்டர்' அல்லது 'விண்டோ மெஷின்' என்றும் வழங்கப்படுகின்றன. கதவின் உட்புற அலங்கார அட்டை 'டோர் பேட்' எனவும், கண்ணாடி நழுவிச் செல்லும் இரப்பர்ப் பள்ளம் 'கிளாஸ் ரப்பர்' அல்லது 'பீடிங்' எனவும் அழைக்கப்படுகின்றன. உதிரிப்பாகக் கடைகளிலும் இப்பெயர்களே வழங்குவதால் இவற்றை அறிந்திருப்பது பயன் தரும்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் கண்ணாடியைத் தோல்வார் கொண்டு இழுத்து உயர்த்தினர். பின்னர்க் கைப்பிடியைச் சுழற்றி ஏற்றும் முறை வந்தது. கைப்பிடியை விட்டதும் கண்ணாடி தன் எடையால் கீழே இறங்கிவிடாமல் தடுப்பதே இம்முறையின் முதன்மையான சிக்கலாக இருந்தது. செருமனியைச் சேர்ந்த மாக்சு புரோசு என்பவரின் நிறுவனம் சுருள்வில் தடையுடன் கூடிய ஏற்றிக்கு 1926ஆம் ஆண்டு காப்புரிமை பெற்று, 1928இல் அதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. கைப்பிடியின் பக்கமிருந்து வரும் சுழற்சியை இத்தடை அனுமதிக்கும். கண்ணாடியின் பக்கமிருந்து வரும் சுழற்சியைத் தடுத்துவிடும்.

ஆற்றலால் இயங்கும் சாளரங்களை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தன் 180 வகைத் தானுந்துகளில் அறிமுகப்படுத்தியது. அது நேரடி மின் இயக்கம் அன்று. நீர்ம அழுத்தத்தால் இயங்கியது. குழாய்களில் கசிவு ஏற்பட்டதாலும், கசிந்த நீர்மம் வண்ணப்பூச்சைக் கெடுத்ததாலும் இம்முறை நிலைக்கவில்லை. 1950களில் ஒவ்வொரு கதவிலும் தனி மின்னோடி வைக்கும் முறை பரவியது. ஐரோப்பாவில் 1963ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 3200 சி.எசு. வகையில் மின்சாளர ஏற்றி இடம்பெற்றது.

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகியவை பெரும்பாலும் கைப்பிடிச் சாளரங்களைக் கொண்டிருந்தன. 1990களில் விலை மிகுந்த வகைகளில் நுழைந்த மின்சாளரம், பின்னர்ச் சிறிய வண்டிகளின் முன்கதவுகளிலும் இயல்பான வசதியாயிற்று. கைப்பிடி வண்டிகளில் பின்னர் வாங்கிப் பொருத்தும் தொகுதிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

அமைப்பு

மின்னோடியும் பற்சக்கரமும்

ஏற்றியில் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் நிலைக்காந்த மின்னோடி பயன்படுகிறது. அதன் அச்சில் திருகு போன்ற புழுப்பல் உள்ளது. அது ஒரு பெரிய நெகிழிப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதனால் சுழல்வேகம் பன்மடங்கு குறைந்து, முறுக்குவிசை பெருகுகிறது. மேலும், புழுப்பல் சக்கரத்தைச் சுழற்ற முடியும். ஆனால் சக்கரத்தால் புழுப்பல்லைச் சுழற்ற முடியாது. எனவே மின்னோட்டம் நின்ற பின்னும் கண்ணாடி இருந்த இடத்திலேயே நிற்கும். கைப்பிடி ஏற்றியில் சுருள்வில் தடை ஆற்றிய பணியை இங்குப் புழுப்பல்லே ஆற்றுகிறது. வெளியிலிருந்து கண்ணாடியைக் கையால் அழுத்தி இறக்க முடியாமைக்கும் இதுவே காரணம்.

இதற்குத் தேவைப்படும் ஆற்றலை எளிய கணக்கால் அறியலாம். கண்ணாடியின் நிறை 4 கிலோகிராம் எனக் கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 40 நியூட்டன். இரப்பர்ப் பள்ளத்தின் உராய்வு 110 நியூட்டன் எனின், மொத்த விசை 150 நியூட்டன். கண்ணாடி 45 செ.மீ. தொலைவை 4 நொடிகளில் கடந்தால் வேகம் நொடிக்கு 0.11 மீட்டர், தேவையான திறன் ஏறத்தாழ 17 வாட்டு மட்டுமே. ஆனால் மின்னோடி 12 வோல்ட்டில் 6 ஆம்பியர், அதாவது 72 வாட்டு எடுத்துக்கொள்ளக்கூடும். பின்னோக்கிச் சுழலாத புழுப்பல் அமைப்பின் பயனுறுதிறன் பாதிக்கும் குறைவாகவே இருக்கும் என்பது இவ்விழப்புக்கு ஒரு முதன்மைக் காரணம். கண்ணாடியின் எடையை விட உராய்வே பெரிது என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும். மின்னோடி பழுதாவதற்கும் இரப்பர்ப் பள்ளத்தின் நிலைக்கும் உள்ள தொடர்பு இதனின்றும் எழுகிறது.

ஏற்றியின் வகைகள்

கத்தரி வகை: இரண்டு எஃகுக் கைகள் கத்தரிக்கோல் போல் குறுக்கிட்டு இணைந்திருக்கும். ஒரு கையின் முனையிலுள்ள வளைந்த பற்துண்டை மின்னோடி சுழற்றும்போது கைகள் விரிந்து கண்ணாடியை உயர்த்தும். கண்ணாடியின் எடையைத் தாங்குவதற்காக இதில் வலுவான சுருள்வில் ஒன்று பொருத்தப்பட்டிருக்கலாம். எடை மிகுந்தது, ஆயினும் நெடுநாள் உழைக்கும்.

கம்பிவட வகை: ஒன்று அல்லது இரண்டு செங்குத்துத் தண்டவாளங்களில் நெகிழிப் பற்றி ஒன்று நழுவும். மெல்லிய எஃகு வடம் ஒன்று தண்டவாளத்தின் இரு முனைகளிலுமுள்ள கப்பிகளின் வழியாகச் சென்று, மின்னோடியின் உருளையில் சுற்றப்பட்டிருக்கும். எடை குறைவாகவும் குறைந்த இடத்தில் அடங்குவதாகவும் இருப்பதால் இன்றைய சிறிய தானுந்துகளில் இவ்வகை மிகுதியாகப் பயன்படுகிறது. வடம், கப்பி, பற்றி ஆகிய மூன்றுமே தேயக்கூடியவை என்பது இதன் குறை.

மின்சுற்று

மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் உருகி, நிலைமாற்றி ஆகியவற்றைக் கடந்து மின்னோடியை அடைகிறது. மின்சாளரச் சுற்றின் உருகி பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 ஆம்பியர் வரையிலானது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே மின்னோடியே பயன்படுகிறது. முனைவுகளை மாற்றினால் சுழற்சியின் திசை மாறும். பழைய முறைச் சுற்றில், யாரும் அழுத்தாத நிலையில் மின்னோடியின் இரு முனைகளும் நிலைமாற்றியின் வழியே வண்டியின் உடலோடு, அதாவது எதிர்முனையோடு இணைந்திருக்கும். ஏற்றும்போது ஒரு முனையும், இறக்கும்போது மறுமுனையும் நேர்முனைக்கு மாறும்.

பயணிக் கதவுகளின் மின்னோடியை ஓட்டுநரும் பயணியும் இயக்க முடியும். இதற்காக இரு நிலைமாற்றிகளும் தொடராக இணைக்கப்படுகின்றன. எனவே பயணிக் கதவிலுள்ள நிலைமாற்றியின் தொடுமுனை கரிந்துபோனால், ஓட்டுநர் அழுத்தினாலும் அக்கண்ணாடி இயங்காது. மின்னோடி நன்றாக இருந்தும் அது பழுது என்று தவறாக முடிவு செய்யப்படுவதற்கு இது பெரும்பாலும் காரணமாகிறது. புதிய வண்டிகளில் இச்சுற்றுக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் பயன்படுகின்றன.

கண்ணாடி மேல் முனையை அடைந்த பின்னும் நிலைமாற்றியை அழுத்திக்கொண்டே இருந்தால் மின்னோடி சுழல முடியாமல் மின்னோட்டம் பன்மடங்கு உயரும். இதிலிருந்து காக்க மின்னோடிக்குள் ஒரு வெப்பத் தடுப்பி உள்ளது. சூடு ஏறியதும் இது மின்னோட்டத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் அனுமதிக்கும். சிறிது நேரம் வேலை செய்யாமல் நின்று பின்னர்த் தானாகவே இயங்கத் தொடங்கும் சாளரத்தில் இத்தடுப்பியே செயல்பட்டிருக்கக்கூடும்.

பழுதாவதற்கான காரணங்கள்

* நெகிழிப் பற்றி உடைதல். வெயிலிலும் காலப்போக்கிலும் நெகிழி நொறுங்கும் தன்மை பெறுகிறது. பற்றி உடைந்தால் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும்.
* வடம் அறுதல் அல்லது பிரிதல். வடத்தின் இழைகள் கப்பியின் அருகே ஒவ்வொன்றாக அறுந்து உருளையில் சிக்கிக்கொள்ளும். அப்போது நறநறவென ஒலி கேட்கும்.
* இரப்பர்ப் பள்ளம் கெட்டியாதல். தூசியும் வெப்பமும் இரப்பரின் வழுக்கும் தன்மையைக் குறைக்கின்றன. உராய்வு பெருகி, மின்னோடியும் பற்றியும் மிகைச்சுமைக்கு உள்ளாகின்றன.
* மின்னோடியின் தூரிகைகள் தேய்தல், நெகிழிப் பற்சக்கரத்தின் பற்கள் உடைதல்.
* கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையேயுள்ள இரப்பர்க் குழாயில் கம்பிகள் அறுதல். கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடப்படும்போதும் இக்கம்பிகள் வளைகின்றன.
* நீர் புகுதல். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் மழைநீர் உள்ளேயே தேங்கித் துரு பிடிக்கும்.

ஊத்தங்கரைப் பகுதியில்

கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை இரு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊராகும். கிருட்டிணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 77உம், சேலத்திலிருந்து அரூர், திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடி செல்லும் சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றன. 1980இல் அசோக் லேலண்டு ஆலை தொடங்கிய ஓசூர் இம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கருநாடகத்தை ஒட்டி அமைந்துள்ளது. ஊத்தங்கரைக்கு அண்மையிலுள்ள போச்சம்பள்ளியிலும் பர்கூரிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் உள்ளன. தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன்களும் வாடகைத் தானுந்துகளும் இச்சாலைகளில் மிகுதி.

இப்பகுதியின் கோடை வெப்பமும், கருங்கல் குவாரிகளிலிருந்து கல் ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளால் எழும் தூசியும் சாளரத்தின் இரப்பர்ப் பள்ளத்துக்குப் பகையானவை. நிழலற்ற இடத்தில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியில் இரப்பர் விரைவில் கெட்டியாகிறது. சுங்கச்சாவடிகளில் பணம் செலுத்துவதற்காக ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை அடிக்கடி இறக்கி ஏற்றும் தேவை, 2021 பிப்ரவரியில் பாசுடேக் கட்டாயமான பின்னர்ப் பெரிதும் குறைந்தது. எனினும் நான்கு கதவுகளில் மிகுதியாக உழைப்பது ஓட்டுநர் பக்க ஏற்றியே.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களிலும் பெருமழை பெய்வித்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளத்தில் பேருந்து நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த தானுந்துகளும் வேன்களும் அடித்துச் செல்லப்பட்டன. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் கதவின் கீழ்ப்பகுதியிலுள்ள மின்னோடிக்குள் சேறு கலந்த நீர் புகுகிறது. வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றும் ஏற்றியும் பின்னர்த் துருவால் நின்றுபோகக்கூடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் மின்கல இணைப்பை முதலில் நீக்கி, கதவின் உள்ளட்டையைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, முற்றிலும் உலர்ந்த பின்னரே சாளரத்தை இயக்கிப் பார்க்க வேண்டும்.

பழுதைக் கண்டறிதல்

புதிய ஏற்றியை வாங்கும் முன்னர்ப் பழுது எங்குள்ளது என்பதை உறுதி செய்வது இன்றியமையாதது.

* அழுத்தும்போது எவ்வித ஒலியும் இல்லையெனில் முதலில் உருகியைப் பார்க்க வேண்டும். பின்னர் ஓட்டுநர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* மற்றக் கதவுகளின் சாளரங்கள் இயங்கி, ஒன்று மட்டும் இயங்கவில்லையெனில் அக்கதவின் நிலைமாற்றி, கம்பி, மின்னோடி ஆகியவற்றுள் ஒன்றில் பழுது இருக்கும்.
* மின்னோடியின் இணைப்பியில் மல்டிமீட்டரை வைத்து நிலைமாற்றியை அழுத்தும்போது ஏறத்தாழ 12 வோல்ட் காட்டினால் சுற்று பொதுவாக நன்று, மின்னோடியே பழுது. ஏறும் திசை, இறங்கும் திசை இரண்டிலும் சோதிக்க வேண்டும். ஐயம் இருப்பின் மல்டிமீட்டருக்குப் பதிலாகச் சோதனை விளக்கை இணைத்துப் பார்க்கலாம். அரைகுறையாக அறுந்த கம்பி மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினும் விளக்கை எரியவிடாது.
* மின்னோடி சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையவில்லையெனில் வடமோ பற்றியோ பற்சக்கரமோ உடைந்துள்ளது.
* கண்ணாடி மெதுவாகவும் சாய்வாகவும் ஏறினால் இரப்பர்ப் பள்ளத்தையும் பற்றியையும் ஆராய வேண்டும். உள்ளட்டையைக் கழற்றி, மின்னோடியின் இணைப்பைப் பிரித்து, கண்ணாடியைப் பற்றியிலிருந்து விடுவித்துக் கையால் நழுவச் செய்து பார்த்தால், தடை பள்ளத்திலா ஏற்றியிலா என்பது விளங்கும்.
* கதவைத் திறந்து மூடும்போது சாளரம் விட்டுவிட்டு இயங்கினால், கீல் அருகேயுள்ள கம்பிகள் அறுந்திருக்கலாம்.

மாற்றும் முறை

வண்டிக்கு வண்டி திருகுகளின் இடமும் எண்ணிக்கையும் மாறுபடும். கீழுள்ளது கம்பிவட வகைக்கான பொதுவான வரிசையாகும். திருப்புளி, பாக்சு ஸ்பேனர்த் தொகுதி, நெகிழி நெம்புகோல், வலுவான ஒட்டுநாடா, கையுறை, கண்காப்புக் கண்ணாடி ஆகியவை தேவைப்படும்.

1. கண்ணாடியை நிலைப்படுத்துதல். வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். மின்னோடி இன்னும் இயங்குமெனில், கண்ணாடியைப் பற்றியோடு இணைக்கும் திருகுகள் உள்தகட்டின் துளைகளுக்கு நேரே வருமாறு கண்ணாடியை நகர்த்தி நிறுத்த வேண்டும். மின்னிணைப்பை நீக்கிய பின் இதைச் செய்ய இயலாது.

2. மின்கலத்தின் எதிர்முனையை நீக்குதல். பக்கக் காற்றுப்பை உள்ள வண்டிகளில் இணைப்பை நீக்கியபின், தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

3. உள்ளட்டையைக் கழற்றுதல். கதவை இழுக்கும் கைப்பிடிக் குழிவிலும், திறக்கும் நெம்பின் பின்புறமும் மூடிகளால் மறைக்கப்பட்ட திருகுகள் இருக்கும். அவற்றை நீக்கிய பின், ஓரங்களிலுள்ள நெகிழிக் கொக்கிகளை நெம்புகோலால் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பின்னர் அட்டையை மேல்நோக்கித் தூக்கினால் சாளர விளிம்பிலிருந்து விடுபடும். உடனே இழுத்துவிடக் கூடாது. பின்புறத்தில் நிலைமாற்றியின் கம்பியும் கதவுப் பூட்டின் வடமும் இணைந்திருக்கும்.

4. ஈரத்தடுப்புத் தாளை விலக்குதல். உள்தகட்டின் மீது பிசினால் ஒட்டப்பட்ட நெகிழித்தாள் இருக்கும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது இதுவே. கிழிக்காமல் மெதுவாக உரித்தெடுக்க வேண்டும்.

5. கண்ணாடியை விடுவித்தல். பற்றியின் திருகுகளை நீக்கிய பின் கண்ணாடியை முழுவதும் மேலே தூக்கி, சட்டத்தின் மீதாக ஒட்டுநாடாவால் இருபுறமும் இறுகக் கட்ட வேண்டும். இதில் கவனக்குறைவு ஏற்பட்டால் கண்ணாடி கத்திபோலக் கீழே இறங்கி விரல்களை நசுக்கும். கதவுக் கண்ணாடி வன்மைப்படுத்தப்பட்ட கண்ணாடியாகும். பரப்பில் வலிமை மிக்கது, விளிம்பில் சிறு அடிபட்டாலும் முழுவதும் துகள்களாகிவிடும்.

6. ஏற்றியைக் கழற்றுதல். மின்னோடியின் இணைப்பியைப் பிரித்து, தண்டவாளத்தையும் மின்னோடியையும் தாங்கும் திருகுகளை நீக்கி, உள்தகட்டின் பெரிய துளை வழியாக ஏற்றியைச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். சில வண்டிகளில் திருகுக்குப் பதில் தறையாணிகள் இருக்கும். அவற்றைத் துளையிட்டு நீக்கிப் புதிய தறையாணிகளையோ உரிய திருகுகளையோ இட வேண்டும்.

7. பழையதையும் புதியதையும் ஒப்பிடுதல். இடப்பக்க ஏற்றியும் வலப்பக்க ஏற்றியும் ஒன்றன் ஆடிப்பிம்பம் போன்றவை. மாற்றிப் பொருத்த இயலாது. தண்டவாளத்தின் நீளம், திருகுத் துளைகள், இணைப்பியிலுள்ள ஊசிகளின் எண்ணிக்கை ஆகியவை பொருந்த வேண்டும். இரண்டு ஊசிகள் மட்டும் உள்ள மின்னோடிக்குப் பொதுவாக உணரி இல்லை. கூடுதல் ஊசிகள் உணரி இருப்பதைக் குறிக்கும்.

8. தூய்மை செய்தல். கதவின் அடியிலுள்ள கண்ணாடித் துகள், மண், உடைந்த நெகிழித் துண்டுகள் ஆகியவற்றை நீக்கி, வடிகால் துளைகளைத் திறக்க வேண்டும். இரப்பர்ப் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டுச் சிலிக்கோன் தெளிப்பைப் பயன்படுத்தலாம். எஞ்சின் எண்ணெயும் சாதாரண கிரீசும் இரப்பரை உப்பச் செய்து தூசியையும் பிடித்துவைக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

9. புதியதைப் பொருத்துதல். எல்லாத் திருகுகளையும் முதலில் தளர்வாகவே இட வேண்டும். கண்ணாடியைப் பற்றியில் அமர்த்தி, மின்னிணைப்பைக் கொடுத்து மேலே ஏற்றி, அது சட்டத்தில் நேராகப் பொருந்திய நிலையில் தண்டவாளத்தின் திருகுகளை இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் கண்ணாடி சாய்ந்து ஏறும். அதனால் புதிய பற்றியும் விரைவில் உடையும். கண்ணாடியைப் பிடிக்கும் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது.

10. சோதித்து மூடுதல். உள்ளட்டையைப் பொருத்தும் முன் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பின் ஈரத்தடுப்புத் தாளை இடைவெளியின்றி ஒட்டி, அட்டையைப் பொருத்த வேண்டும். இறுதியில் வெளிப்புறமிருந்து கண்ணாடியின் மீது நீரூற்றி, நீர் கதவின் அடித்துளை வழியே வெளியேறுகிறதா எனப் பார்ப்பது நன்று.

தாமாகவே முழுவதும் ஏறும் வசதியுள்ள சாளரங்களில், மின்னிணைப்பு நீங்கியதால் கண்ணாடியின் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டுப் பலகை மறந்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுவதும் ஏற்றிய பின்னும் சில நொடிகள் நிலைமாற்றியை இழுத்துப் பிடிப்பதன் மூலம் இது மீண்டும் பதிவாகும். இதைச் செய்யாவிடில் விரல் சிக்காத் தடுப்பு இயங்காமல் போகலாம்.

கத்தரி வகைக்கான எச்சரிக்கை

சுருள்வில் உள்ள கத்தரி வகையில் மின்னோடியை மட்டும் தனியே கழற்றுவது தீங்கானது. மின்னோடியின் பற்சக்கரமே வில்லின் விசையைத் தடுத்து நிற்கிறது. அது விலகியதும் எஃகுக் கை திடீரெனச் சுழன்று விரல்களை வெட்டிவிடக்கூடும். எனவே பற்துண்டையும் அடித்தகட்டையும் ஒரு திருகாலோ பற்றுக்குறடாலோ அசையாமல் பிணைத்த பின்னரே மின்னோடியை நீக்க வேண்டும்.

பாதுகாப்பு

மின்சாளரத்தால் ஏற்பட்ட உயிரிழப்புகளில் பெரும்பாலும் சிறுவர்களே பாதிக்கப்பட்டனர். சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டும் குழந்தையின் முழங்கால் நிலைமாற்றியின் மீது பட்டுக் கண்ணாடி ஏறுவது இவற்றின் பொதுவான வடிவமாகும். ஏறு-இறங்கு பலகைபோல் அமைந்த பழைய நிலைமாற்றிகளில், கீழ்நோக்கி அழுத்தினாலும் கண்ணாடி மேலே ஏறக்கூடும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் வகையிலான நிலைமாற்றிகள் கட்டாயமாக்கப்பட்டன. இன்றைய இந்திய வண்டிகள் பலவற்றிலும் இத்தகைய நிலைமாற்றியே உள்ளது.

தாமாகவே ஏறும் சாளரங்களில் தடை ஏற்பட்டதும் கண்ணாடி பின்வாங்கும் அமைப்பு உண்டு. மின்னோடியின் அச்சில் சிறு காந்த வளையமும் அருகே ஆல் உணரியும் இருக்கும். சுழற்சியின் துடிப்புகளை எண்ணிக் கண்ணாடியின் இருப்பிடமும் வேகமும் அறியப்படுகின்றன. மேல் முனையை அடையும் முன்னரே வேகம் குறைந்தால் ஏதோ சிக்கியுள்ளது எனக் கொண்டு கண்ணாடி இறக்கப்படும். 4 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையிலான இடைவெளியில் அழுத்தும் விசை 100 நியூட்டனைத் தாண்டும் முன் பின்வாங்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் கூறுகின்றன. எல்லா வண்டிகளிலும் எல்லாக் கதவுகளிலும் இவ்வமைப்பு இல்லை. சிலவற்றில் ஓட்டுநர் பக்கத்தில் மட்டுமே உள்ளது. அதனால் குழந்தைகள் பின்னிருக்கையில் இருக்கும்போது ஓட்டுநர் பூட்டுப் பொத்தானைப் பயன்படுத்துவதும், வண்டியை விட்டு இறங்கும்போது திறவுகோலை எடுத்துச் செல்வதும் முதன்மையான காப்புகளாகும்.

கண்ணாடியையும் மாற்ற நேர்ந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆம் விதியைக் கருத வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியை ஊடுருவவிட வேண்டும் என அவ்விதி கூறுகிறது.

நீரில் சிக்கிய வண்டி

வெள்ளத்தில் வண்டி சிக்கும்போது மின்சாளரம் உயிர்காக்கும் வழியாகிறது. காலம் தாழ்ந்தால் அதுவே அடைபட்ட வழியுமாகிறது. நீர் புகுந்த உடனேயே மின்சுற்று நின்றுவிடுவதில்லை. ஆனால் நீர்மட்டம் கண்ணாடியின் அளவுக்கு உயர்ந்ததும் வேறொரு தடை எழுகிறது. 70 செ.மீ. அகலமுள்ள கண்ணாடியின் 40 செ.மீ. உயரம் வெளிப்புற நீரில் மூழ்கியிருப்பதாகக் கொள்ளலாம். சராசரி அழுத்தம் ஏறத்தாழ 1960 பாசுக்கல், பரப்பு 0.28 சதுர மீட்டர். எனவே கண்ணாடியின் மீதான விசை ஏறத்தாழ 550 நியூட்டன், அதாவது 56 கிலோகிராம் எடைக்குச் சமம். இவ்விசை கண்ணாடியை இரப்பர்ப் பள்ளத்தோடு சேர்த்து அழுத்துவதால், வழக்கமான உராய்வு பன்மடங்காகி மின்னோடி திணறி நிற்கும். கதவின் பரப்பு இதனினும் பெரிதாகையால் கதவைத் திறப்பது மேலும் கடினம்.

ஆகவே நீர்மட்டம் சாளரத்தின் கீழ் விளிம்பை எட்டும் முன்னரே, முதல் நிமிடத்துக்குள், இருக்கைப் பட்டையை விடுவித்துச் சாளரத்தை இறக்கி வெளியேற வேண்டும். சாளரம் இறங்காவிடில் பக்கக் கண்ணாடியின் மூலையைக் கூர்முனைக் கருவியால் உடைக்கலாம். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாதலால் இவ்வாறு சிதறாது. சில உயர்வகை வண்டிகளில் பக்கக் கண்ணாடிகளும் அடுக்குக் கண்ணாடிகளே. ஓடும் நீரில் மூழ்கிய சாலையைக் கடக்காதிருப்பதே இவை எல்லாவற்றிலும் சிறந்த காப்பு.

பழுதுநீக்கமும் மாற்றமும்

உடைந்தது ஒரு சிறு நெகிழிப் பற்றியாக இருப்பினும், பல நிறுவனங்கள் ஏற்றியை முழுத் தொகுதியாகவே விற்கின்றன. வாடகைத் தானுந்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு பெரிது. மூடாத கண்ணாடியுடன் வண்டியை மழையிலோ இரவிலோ நிறுத்த முடியாது. பாகம் வரும் வரை வருவாய் நின்றுவிடும். இதனால் பற்றி, வடம், கப்பி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றும் வழக்கம் பட்டறைகளில் தொடர்கிறது. கிருட்டிணகிரி மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள பெங்களூரின் ஜே.சி. சாலை உதிரிப்பாகக் கடைகளுக்கும், சென்னைப் புதுப்பேட்டை கழிவு வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்களுக்கும் பெயர் பெற்றவை.

பற்றி மட்டும் உடைந்து, வடமும் மின்னோடியும் நன்றாக இருப்பின் பற்றியை மாற்றுவது போதும். வடத்தின் இழைகள் அறுந்திருப்பின் தொகுதியை மாற்றுவதே நன்று. முடிச்சிட்டோ பற்றவைத்தோ சேர்த்த வடம் கப்பியில் ஓடாது. பழைய வண்டியிலிருந்து எடுத்த ஏற்றியின் நெகிழியும் அதே அளவு வெயில் கண்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எவ்வகையாயினும், உராய்வுக்குக் காரணமான இரப்பர்ப் பள்ளத்தைச் சரிசெய்யாமல் ஏற்றியை மட்டும் மாற்றினால் அதே பழுது மீண்டும் வரும்.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டகத்தை உருவாக்க 2022 சூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதற்கான இணையவாசல் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு தானுந்துகளும் இதில் அடங்கும். கையேடுகளும் உதிரிப்பாகங்களும் நிறுவனத்துக்கு வெளியேயுள்ள பட்டறைகளுக்கும் பயனருக்கும் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கமாகும்.

இவற்றையும் பார்க்க

* மின்னோடி
* புழுப்பற்சக்கரம்
* வன்மைப்படுத்தப்பட்ட கண்ணாடி
* ஆல் விளைவு
* ஊத்தங்கரை